பதினாறு பேர் கேட்ட சொல்

தேநீர்க் கடையில் அமர்ந்து நாட்டு நடப்பைப் பேசாத ஊர் தமிழகத்திலும் இல்லை, புதுவையிலும் இல்லை. வில்லியனூர்க் கடைத்தெருவில் அஸர் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் நின்றால் போதும். மின்கட்டணத்திலிருந்து அமெரிக்கத் தேர்தல் வரை, நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து கைப்பேசியில் வந்த காட்சி வரை, எல்லாவற்றுக்கும் அங்கே கருத்து உண்டு. பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு முடித்துக் கரையேறும் உழவரிடமும் உண்டு. கருத்து இருப்பது குற்றமன்று. ஒரு கவிதை வெளியானால் அதன் சொல்லையும் பொருளையும் அலசிப் பார்க்கும் நாம், நாள்தோறும் ஆயிரம் பேர் வாயில் வழங்கும் கருத்தை உரைத்துப் பார்ப்பதில்லை என்பதே குறை. அத்தகைய கருத்து ஒன்றை எடுத்துக்கொண்டு இங்கே திறனாய விழைகின்றோம்.

"அஜ்ரத்! கைப்பேசியில் கண்டபடி எழுதுகிறவர்களை ஒரு கடுமையான சட்டம் போட்டு உள்ளே தள்ளினால்தான் அடங்குவார்கள்" என்று சொல்லும் பெரியவர்கள் நாலு பேரையாவது நாம் மாதந்தோறும் சந்திக்கின்றோம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் கூடியவர்களிடையே கொரோனா நோய் கண்டபோது, நாடெங்கும் கைப்பேசிகளில் என்ன ஓடியது என்பதை நம் சமுதாயம் மறந்துவிடவில்லை. நோய்க்கு மதம் பூசினார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் பணிக்கு வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்ற கருத்தையும் தெரிவித்தது. தீர்ப்பு வந்தது உண்மைதான். வதந்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் படித்தார்கள்? பின்னர் 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் நம் சமுதாயப் பெண்களின் படங்களைத் திருடி, அவர்களை 'ஏலம்' விடுவதாக இணையத்தில் பரப்பிய கொடுமையும் நடந்தது. அதைக் கண்ட ஒரு தகப்பன் கடுமையான சட்டம் கேட்பதில் வியப்பில்லை.

ஆயினும் அவ்வாறு கேட்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அத்தகைய சட்டம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு என்பது அதன் பெயர். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டு வரை சிறை விதிக்க வழி செய்தது. அதன் பெயரை நாடு அறியச் செய்த வழக்குகளுள் ஒன்று வேறெங்கும் அன்று, நம் புதுவையிலேயே நடந்தது.

2012 அக்டோபர் 20ஆம் நாள். புதுவையைச் சேர்ந்த சிறு தொழிலதிபர் ஒருவர், அப்போது ட்விட்டர் என்ற பெயரில் இருந்த தளத்தில் ஒரு வாக்கியம் எழுதினார். அன்றைய மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரம், வேறொரு அரசியல் குடும்பத்து மருமகனைவிட அதிகச் சொத்துச் சேர்த்திருப்பதாகச் செய்தி கிடைத்திருக்கிறது என்பது அதன் கருத்து. அத்தளத்தில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். கார்த்தி சிதம்பரம் புதுவைக் காவல்துறைக்குப் புகார் அனுப்பினார். அக்டோபர் 30ஆம் நாள் விடியற்காலையில் எழுதியவரின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கைது செய்யப்பட்ட அவர் அன்றே ஜாமீனில் வெளிவந்தார். 16 பேர் மட்டுமே கண்ட அந்த வாக்கியத்தைக் கைதுக்குப் பிறகு நாடே படித்தது. அடக்க நினைத்த சொல்லை அரசே பறையறைந்து பரப்பிய விந்தை அது!

அக்கூற்று மெய்யா பொய்யா என்பது நம் ஆராய்ச்சிக்குரியதன்று. ஹதீஸ் கலை பயின்றவர் கண்ணுக்கு அவ்வாக்கியத்தின் தொடக்கமே நலிந்தது என்று மட்டும் சொல்வோம். 'செய்தி கிடைத்திருக்கிறது' என்றால், யாரிடமிருந்து? அறிவித்தவர் பெயரை விட்டு 'அறிவிக்கப்படுகிறது', 'சொல்லப்படுகிறது' என்று தொடங்கும் வாசகங்களை முஹத்திஸ்கள் 'ஸீகத்துத் தம்ரீள்' என்பார்கள். நோயுற்ற நடை என்று பொருள். நோயுற்ற வாக்கியத்தை நம்பாமல் விடலாம். மறுக்கலாம். சான்று எங்கே என்று கேட்டு எழுதியவரைத் திணற வைக்கலாம். விடியற்காலையில் கதவைத் தட்டுவது எவ்வகை மருத்துவம்?

ஒருவரின் நற்பெயரைக் கெடுப்பதற்கு ஏற்கெனவே சட்டம் இல்லாமலில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகள் அவதூறைப் பற்றியவை. அதிகத் தண்டனை இரண்டாண்டு. காவலர் தாமே நேராகக் கைது செய்ய இயலாது. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை, பொது ஊழியரின் நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து என்று பத்து விலக்குகளை அச்சட்டமே வகுத்துக் கொடுத்தது. 66ஏ பிரிவில் விலக்கு ஒன்றுமில்லை. சுல்தான்பேட்டைத் திண்ணையில் முப்பது பேர் கேட்கச் சொன்னால் அவதூறு. அதையே பதினாறு பேர் படிக்க எழுதினால் அதைவிடப் பெரிய குற்றம். என்ன கணக்கு இது?

அந்தப் பிரிவின் சொற்களைப் பார்ப்போம். மிகவும் புண்படுத்தும் செய்தி, அச்சுறுத்தும் தன்மையுடைய செய்தி ஆகியவை முதலில் வருகின்றன. அடுத்து, பொய்யென்று அறிந்தும் எரிச்சல், அசௌகரியம், ஆபத்து, தடை, அவமதிப்பு, பகைமை, வெறுப்பு முதலியவற்றை உண்டாக்கும் நோக்கத்தோடு விடாது அனுப்பும் செய்தி. ஆபத்தும் அசௌகரியமும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன, பாருங்கள். கொலை மிரட்டலுக்கும் நள்ளிரவில் தூக்கம் கெடுக்கும் வாழ்த்துச் செய்திக்கும் ஒரே இலையில் சோறு!

இச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் வியப்பான செய்தி கிடைக்கின்றது. இவை இணையத்துக்காகப் பிறந்தவை அல்ல. பிரிட்டனின் 1935ஆம் ஆண்டு அஞ்சலகத் திருத்தச் சட்டத்திலிருந்து வழிவழியாக வந்தவை. உச்ச நீதிமன்றமே பிற்காலத்தில் இந்த வம்சாவளியை எடுத்துக் காட்டிற்று. அக்காலத்தில் தொலைபேசி இணைப்பகங்களில் அமர்ந்து இணைப்புக் கொடுத்த ஊழியர்களை, மறுமுனையில் இருப்பவரின் வசைமொழியிலிருந்து காப்பது அச்சட்டத்தின் நோக்கமாயிருந்தது. நியாயமான நோக்கம். வேலைக்கு வந்த பெண்ணின் காதில் நேராக விழும் வசையை அவள் கேட்காமலிருக்க முடியாது. ஆனால் அந்தச் சொல்லை அப்படியே தூக்கி வந்து, விரும்பினால் படிக்கலாம், விரும்பாவிட்டால் விலகலாம் என்ற பொதுத்திடலில் நட்டால் என்ன விளையும்? உழக்கு அளக்கச் செய்த பாத்திரத்தால் ஏரியை அளக்கப் புறப்பட்ட கதைதான்.

மத்ரஸாவில் மன்திக் என்னும் தர்க்க நூல் தொடங்கியதும் மாணவன் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று, இலக்கணம் வகுப்பது எப்படி என்பது. ஒரு பொருளுக்குச் சொல்லும் வரையறை 'ஜாமிஉ'வாகவும் 'மானிஉ'வாகவும் இருக்க வேண்டும். அதாவது, உள்ளே வர வேண்டியவை அனைத்தையும் அது திரட்ட வேண்டும். வரக்கூடாத எதையும் தடுக்க வேண்டும். மரம் என்பது நிழல் தருவது என்று ஒரு மாணவன் சொன்னால், குடையும் கூரையும் மரமாகிவிடும். உச்சி வேளையில் நிற்கும் பனை மரமாகாது போகும். தமிழ்த் தர்க்க நூலாரும் இக்குற்றத்தை அறிவர். மிகுதியாகப் பரந்துவிடும் வரையறையை அதிவியாப்தி என்றனர். சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் அடுக்கிய நூற்குற்றங்கள் பத்தனுள் 'மயங்க வைத்தல்' ஒன்று. இன்ன பொருள் என்று துணிய முடியாதபடி சொல்லை நிறுத்துவது அக்குற்றம். அறபு மாணவனும் தமிழ் மாணவனும் தம் முதலாண்டில் கற்கும் இப்பாடம், நாடாளுமன்றத்துக்குப் போன சட்டத்தில் இல்லாமற் போயிற்று.

புண்படுதல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். புண் என்பது தமிழில் உடலில் தோன்றுவது. ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று வைத்தியர் அளந்து சொல்வார். மனத்தில் தோன்றும் புண்ணை யார் அளப்பது? புண்பட்டேன் என்று சொல்பவர் அளந்தால், தடித்த தோலுடையவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பே இல்லை. தொட்டாற்சுருங்கிக்கு ஊரே குற்றவாளி. காவல் ஆய்வாளர் அளந்தால், புகார் கொடுத்தவர் யாரென்பதைப் பார்த்தே அளவுகோல் நீளும், சுருங்கும். அமைச்சர் மகனின் புண்ணுக்கு விடியற்காலையில் சிகிச்சை கிடைக்கின்றது. வில்லியனூர்ப் பள்ளி ஆசிரியரின் புண்ணுக்கோ, பாகூர்க் கூலியாளின் புண்ணுக்கோ அந்த வேகம் உண்டா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

சொல்லால் செய்யும் குற்றத்தை ஃபிக்ஹு நூலார் எவ்வளவு அஞ்சி அஞ்சி வரையறுத்தார்கள் என்பதையும் இங்கே நினைக்கின்றோம். கற்புள்ளவர் மீது விபசாரப் பழி சுமத்துவதற்குக் 'கத்ஃப்' என்று பெயர். அதற்கு நிர்ணயித்த தண்டனை உண்டு. ஆனால் எந்தச் சொல் கத்ஃப் என்பதில் நூற்றாண்டுக் கணக்கில் விவாதம் நடந்தது. வெளிப்படையாகப் பழி சொன்னால் சரி. "என் தாய் அப்படிப்பட்டவள் அல்லள்" என்று மறைமுகமாகக் குத்திப் பேசினால்? மாலிக்கீ மத்ஹபில் அதற்கும் அத்தண்டனை உண்டு; ஹனஃபீகள் இல்லை என்றார்கள்; ஷாஃபிஈ அறிஞர்கள் பேசியவரின் எண்ணத்தைத் தேடினார்கள். வெறும் வசவுக்கு அத்தண்டனையை எவரும் நீட்டவில்லை. ஐயம் தோன்றினால் தண்டனையை விலக்குங்கள் என்பது அவர்களின் பொதுவிதி. ஒரே ஒரு சொற்குற்றத்துக்கு இத்தனை வேலி. 66ஏ பிரிவோ வேலியில்லாத வயல்.

வேலியில்லாத வயலில் எந்த மாடும் மேயும். புதுவைக் கைது நடந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. 2012 நவம்பர் 17ஆம் நாள் பால் தாக்கரே காலமானார். மும்பை கடையடைத்தது. மஹாராஷ்டிரத்தின் பால்கரில் இளம்பெண் ஒருத்தி, இந்தக் கடையடைப்பு ஏன் என்ற பொருளில் முகநூலில் எழுதினாள். அவளுடைய தோழி அதை விரும்பியதாகக் குறியிட்டாள். இருவரும் கைது செய்யப்பட்டார்கள்; எழுதியவளின் உறவினருடைய மருத்துவமனை சூறையாடப்பட்டது. எழுதியவள் நம் சமுதாயத்துப் பெண். கடுமையான சட்டம் வேண்டும் என்று கேட்கும் நம் பெரியவர்கள், அந்தச் சட்டம் யாருடைய வீட்டுப் பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

அந்த நிகழ்ச்சியைக் கண்டு மனம் கொதித்த சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் 24ஆம் நாள் நீதிபதிகள் செலமேஸ்வர், ரோஹின்டன் நாரிமன் ஆகியோர் 66ஏ பிரிவை முழுவதும் செல்லாது என்று தீர்த்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நாரிமன். விவாதித்தல், ஒரு கருத்துக்காக வாதாடுதல், கலகத்துக்குத் தூண்டுதல் என்று பேச்சை மூன்றாகப் பகுத்து, மூன்றாவதன் எல்லையை எட்டும்போதுதான் அரசு தடுக்கலாம் என்று அவர் விளக்கினார். அத்தீர்ப்பை நாம் ஒரு நல்ல இலக்கணவுரையாகவே படித்தோம். சொல் சொல்லாக எடுத்து, இதற்கு எல்லை எங்கே, இதற்கு எல்லை எங்கே என்று உரையாசிரியர் கேட்பதைப் போல அது கேட்கின்றது.

"அப்படியானால் நம் பெண்களை ஏலம் போட்டவனை என்ன செய்வது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. 2022 ஜனவரியில் அக்கயவர்களைப் பிடித்தபோது 66ஏ பிரிவு உயிரோடில்லை. பெண்ணின் மானத்துக்கு இழுக்குச் செய்தல், சமூகங்களிடையே பகை மூட்டுதல் முதலிய பழைய குற்றவியல் பிரிவுகளின் கீழேயே வழக்குப் பதிவாயிற்று. அப்பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் வேறு எண்களோடு இருக்கின்றன. 509 என்றது 79 ஆயிற்று, 153ஏ என்றது 196 ஆயிற்று. 2021 ஜூலையில் முதல் ஏலம் நடந்தபோதும் இதே பிரிவுகள் ஏட்டில் இருந்தன. அப்போது எவரும் கைதாகவில்லை. ஆறு மாதத்தில் இரண்டாவது ஏலம் நடந்தது. அதன் பிறகே முதல் ஏலத்துக்கும் சேர்த்துக் கைது நடந்தது. குறை சட்டத்தில் இருந்ததா, எடுத்து வழங்கிய கையில் இருந்ததா? பகை மூட்டும் பிரிவும் கண்டவர் மீது பாய்வதுண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அதற்கு இன்ன செயல், இன்ன நோக்கம் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய சுமையாவது உண்டு.

இனி, இந்தக் கருத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். புதுவை வழக்கில் பிடிபட்டவர் தம் பெயரில் எழுதியவர். பால்கர்ப் பெண்ணும் அப்படியே. பெயர் போட்டவரைப் பிடிப்பது எளிது. பெயரில்லாத சொல்லோ ஊரெங்கும் தடையின்றி நடமாடுகின்றது. உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அதுவே. 2018 மே மாதம், நமக்கு வெகு தொலைவில் இல்லாத திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்குச் சென்னையிலிருந்து உறவினரோடு வந்த 65 வயது மூதாட்டி, ஒரு குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் திரிகிறது என்று வாட்ஸ்அப்பில் அந்நாட்களில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கூடிய கூட்டம் அம்மூதாட்டியை அடித்தே கொன்றது. அந்தச் செய்தியை முதலில் எழுதியவன் யார்? ஒருவருக்கும் தெரியாது. அனுப்பியவர்கள் யார்? எல்லோரும். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. அத்தகைய செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். நம் வீடுகளில் அந்த அம்புக்குறியைப் பார்த்து, எல்லோரும் அனுப்புகிறார்கள், ஆகவே உண்மை என்று கொள்கிறார்கள். ஹதீஸ் கலை அறிந்தவன் அதைப் பார்த்தால் அறிவிப்பாளர் 'மஜ்ஹூல்', ஆள் தெரியாதவர், என்று ஓரத்தில் எழுதி வைத்துவிடுவான்.

நம் சமுதாயத்துக்கு இது புதிய நோயுமன்று. மதீனாவில் பெருமானாரின் ரவ்ளா ஷரீஃபைக் காக்கும் ஷைகு அஹ்மத் என்பவர் கனவு கண்டார், உலக முடிவு நெருங்கிவிட்டது, இதைப் படி எடுத்து வழங்குபவருக்கு இன்ன நன்மை, அலட்சியம் செய்பவருக்கு இன்ன கேடு என்று ஒரு துண்டறிக்கை வருமே, தாய்மார்களுக்கு நினைவிருக்கும். நாம் பள்ளியில் படித்த நாட்களில் அது மஞ்சள் தாளில் அச்சாகிப் பள்ளிவாசல் வாசலில் கிடைக்கும். அச்சகத்துக்குக் காசில்லாதவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்துக் கையால் எழுத வைப்பார்கள். அந்த ஷைகுவின் வயது என்ன தெரியுமா? 1880களிலேயே இன்றைய இந்தோனேசியாவில் இவ்வறிக்கை பரவியதைப் பற்றி டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே எழுதியிருக்கின்றார். எகிப்தின் ரஷீத் ரிளா தம் அல்மனார் இதழில் மறுத்தார். சவூதி அறிஞர் இப்னு பாஸ் தனி மறுப்பே வெளியிட்டார். ஆட்சிகள் மாறின, அச்சுப்பொறிகள் மாறின, ஷைகு அஹ்மத் மட்டும் ஓய்வு பெறவில்லை. இன்று கைப்பேசியில் அதே கனவைக் காண்கின்றார். பழி கைப்பேசியின் மேல்தானா? "இந்தப் பெட்டி வந்துதான் பிள்ளைகள் கெட்டார்கள்" என்பாரிடம், மஞ்சள் தாளை யார் கெடுத்தது என்று கேட்கத் தோன்றுகின்றது.

தொடர் அறுந்த சொல்லைச் சிறைக்கூடம் இல்லாமலே சல்லடையிட்ட கலை ஒன்று நம் முன்னோரிடம் இருந்தது. அறிவிப்பவரின் பெயர், ஊர், ஆசிரியர், நினைவாற்றல், நாணயம் அனைத்தையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார்கள். இமாம் தஹபீயின் 'மீஸானுல் இஃதிதால்' ஒன்றில் மட்டும் குறை கூறப்பட்ட அறிவிப்பாளர் ஏறத்தாழ 11,000 பேர் வருகின்றார்கள். பொய்யர், மறதிக்காரர், அறியப்படாதவர் என்று பெயர் பெயராக எழுதினார்கள். பிறரைக் குறை சொல்வது புறமாகாதா என்ற கேள்வி அன்றே எழுந்தது; தேவைக்காகச் சொல்வது புறமன்று என்று விடை கூறினார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, குறை சொன்னவரும் தம் பெயரோடு சொன்னார் என்பது. அவரையும் பின்வந்தவர்கள் எடை போட்டார்கள். பெயர் சொல்லும் இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதுமன்று. பாகூரில் கிடைத்த பல்லவன் நிருபதுங்கனின் செப்பேடு, அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்ததைச் சொல்கின்றது. வேண்டிக்கொண்ட தலைவன் பெயரும், எழுத்து வெட்டிய தட்டான் பெயரும் அதில் உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல்லுக்கு யார் பொறுப்பு என்று நாம் அறிகின்றோம். நேற்றிரவு குழுவில் வந்த செய்திக்கு யார் பொறுப்பு?

நம் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வகுத்த கொம்யூன்கள். அவர்களுடைய ஆட்சியின் தீமைகள் பல. எனினும் 1881 ஜூலை 29ஆம் நாள் பிரெஞ்சு நாட்டில் இயற்றப்பட்ட அச்சுச் சுதந்திரச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டது. அச்சாகும் எதிலும் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் பொறுப்பேற்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. ஒருவர் மீது குறிப்பான செயலைச் சுமத்தி மானத்தைக் கெடுப்பது வேறு, செயல் எதையும் சுட்டாத வெறும் வசவு வேறு என்று இரண்டையும் பிரித்து வரையறுத்தது. ஜாமிஉவும் மானிஉவும் படித்தவர் எழுதியதோ என்று நமக்கு ஐயம் வருகின்றது!

ஆங்கிலேயர் ஆட்சியில் 'இந்தியா' பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தபோது, பாரதியார் 1908இல் புகல் தேடி வந்தது இந்தப் புதுவைக்குத்தான். பத்திரிகையும் இங்கே வந்து நடந்தது. ஆங்கிலேயர் தம் எல்லைக்குள் அதைத் தடுத்ததால் 1910இல் நின்றது. 1918 நவம்பரில் அவர் புதுவையை விட்டுப் புறப்பட்டு ஆங்கில எல்லைக்குள் அடி வைத்ததும், கடலூர் அருகே கைதானார். பாகூரிலிருந்து தெற்கே சற்று நடந்தால் கடலூர். நம் ஊர்களில் வாய்க்காலுக்கு இக்கரை புதுவை, அக்கரை தமிழ்நாடு. இக்கரையில் பேசலாம், அக்கரையில் பேசக்கூடாது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அப்படிச் சொல்லுக்கு அடைக்கலம் தந்த மண்ணிலேதான், 2012இல் ஒரு வாக்கியத்துக்காக விடியற்காலையில் கதவு தட்டப்பட்டது.

"அரசியலும் சட்டமும் நமக்கெதற்கு, வாயை மூடிக்கொண்டிருப்போம்" என்ற மற்றொரு கருத்தும் நம்மிடையே உலவுகின்றது. அதை விரிவாக ஆராய இடமில்லை, தேவையும் இல்லை. கடையடைப்பைப் பற்றி இரண்டு வரி எழுதிய பெண் அரசியலில் இருந்தவள் அல்லள்.

கடுமையான சட்டம் கேட்பவர்களுக்குச் சொல்ல இன்னும் ஒரு செய்தி எஞ்சியிருக்கின்றது. 2015இல் செத்த பிரிவு சாகவில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2021இல் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, அவ்வாண்டு மார்ச்சில் 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 66ஏ பிரிவின் கீழ் 745 வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. தீர்ப்பு எழுதிய நாரிமன் அமர்வு முன்பே அது வந்தது. அதிர்ச்சி தருகிறது என்றார் அவர். எவரையும் அப்பிரிவின் கீழ் வழக்குக்கு உள்ளாக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. இது எப்படி நேர்ந்தது? அன்றைய அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் 2021 ஜூலையில் நீதிமன்றத்தில் ஒரு விளக்கம் கூறினார். சட்டப் புத்தகத்தில் அப்பிரிவு முழுமையாக அச்சாகியிருக்கின்றது. அது செல்லாது என்று தீர்க்கப்பட்ட செய்தி பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாக இருக்கின்றது. வழக்கு எழுதும் காவல் அதிகாரி பிரிவைப் படிக்கின்றார், அடிக்குறிப்பைப் படிப்பதில்லை என்பதே அதன் சாரம். மத்ரஸாவில் மூலத்தை மட்டும் ஓதி ஹாஷியாவைப் பாராமல் வந்த மாணவனை அன்றைய பாடத்தில் உஸ்தாத் எழுந்து நிற்க வைப்பார்.